கப்பலுக்கு அம்மா வூடு

1
இந்தக் கதை பாஞ்சால பெரிம்மாவோட போன்லருந்து ஆரம்பிச்சுது.

"வெற்றி, பெரிப்பா செஞ்சு வெச்சிட்டுப் போன படக ஒரு ரிசார்ட்காரன் கேக்குறான்டா. உள்ள மண்ணு கொட்டி ரோசாச்செடி வைப்பானாம். நாளைக்கு வர்றான். குடுக்கறதா வேணாமா? நீதான் கத எழுதுறவனாச்சே, அவர பத்தி ஒன்னு எழுது. கேட்டுட்டு முடிவு பண்றேன்."

நான் கொச்சில கீறேன். ஒக்காந்து எழுத நேரமில்ல, அதான் போன்ல வாயால சொல்லி டைப் பண்றேன். காவியா, நீ பெரிம்மா கூடவே கீறல்ல, அவங்களுக்கு சத்தமா படிச்சுக் காட்டு.

2
"கடலே இல்லாத ஜவ்வாது மலையில் ஒரு மாலுமி..."
[வேணாம். கேட்டா பெரிப்பாவே சிரிப்பாரு.]

கலசப்பாக்கத்துல புளி மண்டிய மூடிட்டு மலைக்கே திரும்பி வந்த கோபால்சாமி பெரிப்பா, டீக்கடைல யாரு கெடச்சாலும்...
[இழுக்குது.]

நேரா சொல்லிட்றேன். நம்ம மலை மரந்தான் ஆத்து வெள்ளத்துல மெதந்து போயி கடல்ல கப்பலாச்சுன்னு சொல்லிக்கினே இருப்பாரு.*

"மலைல இன்னாய்யா கப்பலு?"ம்பாரு டீக்கடை சின்னராஜ்.

"கப்பலுக்கு இதான்யா அம்மா வூடு!"

*ஆதாரம் தேடி காலேஜ் காலேஜா அலைஞ்சாரு. கெடைக்கல. "வெள்ளத்துல போனதுக்கு எவன்யா ரசீது குடுப்பான்?"

3
அவரே கட்டுன மொத படகோட பலக சந்தெல்லாம் புளியங்கொட்டைப் பசையால அடைச்சாரு. ஆயுசு முழுக்க புளி வித்தவரு, அந்தப் பசைய அப்படி நம்புனாரு. தண்ணில ஊறுனா கழண்டுக்கும்னு தோணவேயில்ல. பெரிம்மாவ ஏத்திக்கினு ஜமுனாமரத்தூர் ஏரில கொஞ்ச தூரம் போனாரு.

"இன்னாங்க, தண்ணி வருது!"
"கப்பல்னா ஈரம் இருக்கும்மே."
"பலக தனியா போவுதுங்க!"
"அதுவும் நம்ம பலகதான்."

இடுப்பளவு தண்ணில நின்னுக்கினு ரெண்டு பேரும் சிரிச்சாங்க.
[பெரிம்மா சிரிச்சது நானா சேத்தது. பெரிம்மா, சிரிச்சீங்களா?]

கரையேறி, "இனி உங்க படகுல ஏறுனா என் பேரு பாஞ்சால இல்ல"ன்னாங்களாம். அது நெசம்.

ரெண்டாவது படகுக்கு தார் பூசுனாரு. ஆனா தண்ணில எறக்கல. "அவ ஏறுனாத்தான் எறக்குவேன்"னு காத்துக்கினே இருந்தாரு. அப்படியே போய்ட்டாரு.

4
முடிவு ஒன்னு: படகுல ரோசா பூக்குது.
[நல்லாத்தான் கீது. எனக்குப் புடிக்கல.]

முடிவு ரெண்டு: பெரிம்மா ஏறுறாங்க. படகு மெதந்து...
[தார ஒழுங்கா பூசினாரா? எனக்கு எப்படித் தெரியும்? இங்க வேலைக்குப் போற படகுலயே நான் டெய்லி பயத்துல கண்ண மூடிக்கினுதான் உக்கார்றேன். இது டைப் ஆவ வேணாம். ஆயிடுச்சா? இருக்கட்டும்.]

இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். பெரிம்மா, அந்தப் படகுல ரெண்டு பலக. ஒன்னுல மட்டும் புளி மூட்ட சாக்க மடிச்சு மெத்தையா தெச்சு வெச்சிருக்காரு. அவரு உக்கார்றது வெறும் பலக.

காவியா, படிச்சது போதும். வீடியோ கால் போட்டு கேமராவ பெரிம்மா பக்கம் திருப்பு. ரோசாவோ, ஏரியோ, அவங்களே முடிவு பண்ணட்டும்.

நான் கண்ண மூட மாட்டேன்.