குழம்புக்கு மட்டும்

நாங்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை. பிடித்த மீனை வாயால் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான். படகில் நாலு கூடை இறால் துள்ளிக்கொண்டிருக்கும். "எவ்ளோ?" என்று யாராவது கேட்டால், ஈர வலையை இழுத்து மேலே மூடிவிட்டு, "இன்னா கீது, கொழம்புக்கு ஆவும்" என்போம். சொன்னால் கண் பட்டுவிடும். பழவேற்காடு ஏரிக்கரையில் இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். மீன் துறை வேதாசலத்துக்குத்தான் தெரியவில்லை.

எண்பத்திரண்டில் அந்த ஆள் சைக்கிளில் வந்து இறங்கினார். உலகத்தில் எந்தத் தண்ணீரில் எவ்வளவு மீன் இருக்கிறது, கூடுகிறதா குறைகிறதா என்று நாட்டுக்கு நாடு எண்ணுகிறார்களாம். தோணிரேவுக்கு அடுத்த எங்கள் குப்பமும் அந்தக் கணக்கில் சேர்த்தியாம். வாரம் ஒரு நாள் வந்து படகு படகாகக் கேட்டுப் பெரிய நோட்டில் எழுதுவார். மத்தியானம் என் வீட்டுக்காரர் நீலமேகம் அவரைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வருவார். இறால் தொக்கை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மனிதர். நல்லவர்தான், மூளையை மட்டும் ஆபீஸிலேயே வைத்துவிட்டு வருவார்.

மறு வருடம் ஆவணியில் முகம் தொங்கிப்போய் வந்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"இன்னா சார், ஒடம்பு சரியில்லையா?" என்றேன்.

"ஏரியில மீனே இல்லைனு கணக்கு வந்திருக்கும்மா. பெருகட்டும்னு முகத்துவாரத்துப் பக்கம் ரெண்டு வருஷம் வலை போடவே கூடாதுனு உத்தரவு வரப்போகுது."

ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் இறால் தானாக வந்து வலையில் விழும். ஊரே ஆசைப்படுகிற இடம் என்பதால் சீட்டுக் குலுக்கி, ஆளுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறோம். மூன்று வருடம் கழித்து, வருகிற ஐப்பசியில்தான் எங்கள் முறை வருவதாக இருந்தது. அதை நம்பித்தான் ஒழுகுகிற கூரையை அப்படியே விட்டுவைத்திருந்தோம்.

"நோட்டைக் குடு சார்" என்று வாங்கிப் பார்த்தேன். நான் அஞ்சாவது படித்தவள். நீலமேகம், அரை கிலோ. சந்தியாகு, அரை கிலோ. அடுத்த வாரமும் நீலமேகம், அரை கிலோ.

"இது இன்னா சார்?"

"எல்லாரும் குழம்புக்குனுதானே சொன்னாங்க. ஒரு வீட்டுக் குழம்புக்கு அரை கிலோன்னு போட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அகப்பையை எடுத்திருப்பேன். "வாராவாரம் இங்க நீ துன்னதே அரை கிலோ இருக்குமே சார். அது எந்தக் கொளத்துல புடிச்சதுனு நெனச்ச?"

மனிதர் தட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு மாதத்துக் கணக்கை மறுபடி எடுத்துத் தந்தால் பார்க்கலாம் என்று ஆபீஸில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எந்த ஆம்பளை வாயைத் திறப்பான்? நான்தான் வழி சொன்னேன். கரையில் மீனைப் பிரித்துக் கூடையில் போடுவது பொம்பளைகள். கூடைக்கு ஒரு மட்டி ஓடு பானையில் போட்டுவிடுகிறோம். வாயால் சொன்னால்தானே கண் படும்?

வேதாசலம் ஒரு கூடையைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு சின்னப் பானையும் வேணும்மா. நகம் அளவு பொடி இறாலுக்குத் தனியா" என்றார்.

அங்கேதான் வந்தது வினை. குப்பத்திலேயே பொடிக் கண் வலை எங்களுடையதுதான். வளர வேண்டிய குஞ்சையெல்லாம் அரித்துக்கொண்டு வரும். நான் சத்தம் போடாமல் கருவாடாகக் காயவைத்துவிடுவேன். சின்னப் பானை நிறைந்தால் எங்கள் வலை மாட்டிக்கொள்ளும். ஓடு போடாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

முதல் நாள் போடவில்லை. ஆனால் தப்புக் கணக்கு என்று வேதாசலத்தை அடிக்கப் போனவள் நான். மறுநாள் இரண்டு நாளுக்கும் சேர்த்துச் சின்னப் பானையில் ஏழு ஓடு போட்டேன். நீலமேகம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாமே, நம்ம தலையில நீயே மண்ண வாரிப் போடுறியா?"

"நீ புடிச்சதத்தான்யா போட்டேன்."

மாதம் முடிந்தபோது பெரிய பானை நிரம்பி வழிந்தது. ஏரி நன்றாகத்தான் இருந்தது. முகத்துவாரத்தை மூடுகிற பேச்சு நின்றது. சின்னப் பானையும் முக்கால் நிறைந்திருந்ததால் ஓர் உத்தரவு மட்டும் வந்தது. இரண்டு விரல் நுழையாத கண்ணுள்ள வலை முகத்துவாரத்தில் இறங்கக் கூடாது.

எங்கள் முறைக்குப் பதினெட்டு நாள் இருந்தது. நீலமேகம் என்னோடு பேசாமல் புது வலை பின்ன உட்கார்ந்தார். நானும் பேசாமல் மறுமுனையில் உட்கார்ந்து பின்னினேன். மூன்றாம் நாள் குழம்பில் உப்பு கம்மி என்று அவராகப் பேச ஆரம்பித்தார்.

ஐப்பசியில் எங்கள் முறையின் முதல் நாள், படகு நன்றாகத் தாழ்ந்து வந்தது. பானைக் கணக்கை நாங்கள் விடவில்லை, பெரிய பானையில் பதினோரு ஓடு போட்டேன். கூரைக்கு ஓலை சொல்லி அனுப்பினேன். நீலமேகம் குனிந்து ஒவ்வொரு கூடையாகக் கிளறினார்.

"பொடிசு ஒண்ணுகூட இல்லமே" என்றார். சிரிப்பை அடக்க அவருக்குத் தெரியவில்லை.

வேதாசலம் நோட்டோடு வந்து, பழக்க தோஷத்தில், "எவ்வளவு நீலமேகம்?" என்றார்.

"இன்னா கீது சார், கொழம்புக்கு ஆவும்" என்றார் இவர், இவருக்கும் பழக்க தோஷம்.

வேதாசலம் அதை எழுதவில்லை. பெரிய பானையைக் கவிழ்த்து ஓடுகளை எண்ணி எழுதினார். சின்னப் பானையைக் கவிழ்த்தார், கொஞ்சம் மணல் விழுந்தது. அதற்கு நேரே நோட்டில் பெரிதாக ஒரு சைபர் போட்டார். உலகத்துக் கணக்கில் எத்தனையோ நம்பர் இருக்கும், எனக்கென்ன. அந்தச் சைபர் எங்கள் வீட்டுது.