சுமைகூலி முக்கால் பணம்

லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம். தானே பழுது பார்த்த லிப்டில்கூட, கம்பிக்கயிற்றைத் தடவிப் பார்க்காமல் கால் வைக்க மாட்டார். அப்பேர்ப்பட்டவர், மச்சான் நீட்டிய இடத்தில் எல்லாம் பத்து வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனைவியோடு கூடப்பிறந்தவனிடம் போய்க் கணக்குக் கேட்பதா? கேட்டால் வீட்டில் அடுப்பு எரியுமா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று சொல்லிவைத்த புண்ணியவான்கள் மச்சானை மறந்துவிட்டார்கள்.

மச்சான் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். வருஷம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பழப்பையோடு வந்து நிற்பான். "அத்தான், இந்த ஃபண்ட் தூங்குது. புதுசா ஒண்ணு வந்திருக்கு, அதுக்கு மாத்திடுவோம்" என்பான். அக்கா தட்டு நிறையப் பரிமாறுவாள். இவர் ஃபாரத்தைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போடுவார்.

ஃபண்டில் சேர்ந்த அந்தப் பணம் மனைவியின் காதுக்கு. வலது காது எப்போதோ போய்விட்டது. இடதும் மந்தமாகிக்கொண்டே வந்தது. இந்த மாதமே ஆபரேஷன் செய்தால் அதையாவது காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் என் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

காலையில் பணத்தை எடுக்க ஃபண்ட் அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒவ்வொரு தடவையும் போட்டு ஒரு வருஷம் முடியறதுக்குள்ள மாத்தியிருக்கீங்க சார். சீக்கிரம் வெளிய வந்ததுக்குப் பிடிப்பாங்க. புதுசுல போட்டதுக்கு ஏஜென்ட்டுக்கு ஒரு தொகை போகும். அதுபோக நிர்வாகச் செலவு, வருஷா வருஷம் கமிஷன். நேரடியா போட்டிருந்தா கமிஷனே கிடையாது."

"எனக்கு யாரும் பில்லு குடுக்கலையேம்மா."

"பில்லெல்லாம் வராது சார். உள்ளேயே கழிச்சிடுவாங்க."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வந்த லாபத்தில் பெரும்பகுதி கூலியாகவே போயிருந்தது. மிஞ்சியது ஆபரேஷனுக்குக் காணாது. கடன் கேட்கக்கூடிய இடத்தில் எல்லாம் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

மச்சானை வீட்டுக்கு வரச் சொன்னார். வந்தவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"எதுக்குடா வருஷா வருஷம் மாத்தின?"

"அத்தான், உங்ககிட்ட கை நீட்டி ஒரு பைசா வாங்கியிருக்கேனா? சொல்லுங்க."

வாங்கவில்லைதான். எல்லாம் உள்ளேயே கழிந்திருந்தது.

மனைவி டீயோடு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எவ்வளவு வந்துச்சு?"

அவளிடம் எதையும் மெதுவாகச் சொல்ல வழியில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தினால்தான் உண்டு. உன் தம்பியே தின்றுவிட்டான் என்பதைக் கத்திச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. இடது காதருகே குனிந்து, "போதலையாம்" என்று மட்டும் கத்தினார்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். கண் கலங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி விடுங்க. நம்ம நேரம். அவன் என்ன பண்ணுவான் பாவம்? இத்தனை வருஷம் கூலி வாங்காம நமக்காக அலைஞ்சிருக்கான். வெறுங்கையோட அனுப்பாதீங்க."

இவர் சட்டைப்பையில் இருந்த நோட்டை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டே வாங்கிக்கொண்டான்.