எலுமிச்சை மணக்கும் கோட்டை

மனிதகுலத்துக்கு நெறி வகுத்துவிட்டு மறைந்த மகான்களின் வரிசையில் வெர்லின் ஹாகனுக்கும் ஓர் இடமுண்டு என்று ஏரிக்கரை மீன்வளர்ப்போர் சங்கம் ஏகமனதாக முடிவு செய்திருந்தது. அவர் வகுத்த நெறி, மீன்தொட்டியின் பிளாஸ்டிக் சாமான்களைக் கழுவுவது எப்படி என்பது.

சங்கத்தின் உபதலைவர் லைல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தேவாலயத்தில் வெர்லினின் சவப்பெட்டியை ஒட்டி அஞ்சலிக்காக வைத்திருந்த கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கோட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே, வெர்லின் வளர்த்த ‘மேயர்’ என்ற பெரிய ஆஸ்கார் மீன் மூலையில் ஒதுங்கி நின்றது. வாசல் பனியை வாரிக்கொண்டிருந்த வெர்லின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததிலிருந்து, அவர் மனைவி டார்லீன் வீட்டுக்குள் நுழைந்தால் திரும்பிப் பார்க்கிற உயிர் அது ஒன்றுதான். அடக்கம் முடிந்ததும் அதைப் பத்திரமாக வீடு சேர்க்கவேண்டும். அவளுக்கு வேறு நினைப்பில்லை.

குப்பென்று எலுமிச்சை மணம் வந்தது.

“லைல், இத எதுல கழுவினீங்க?”

“ப்ளீச்லதான். ஒரு பங்குக்கு இருபது பங்கு தண்ணி. வெர்லின் கணக்கு.”

“வாசன அடிக்குதே.”

“துக்க காரியமாச்சே, கொஞ்சம் மணமா இருக்கட்டுமேன்னு எலுமிச்ச ப்ளீச்சா வாங்கினேன்.”

“வாசன போட்டது ஆகாதுன்னு அவரு தலதலயா அடிச்சுக்குவாரே! அதுல சோப்பு கலந்திருக்கும், பிளாஸ்டிக்க விட்டுப் போகாதும்பாரு. சரி, குளோரின் முறிக்கிற மருந்துலயாவது ஊற வச்சீங்களா? காய வச்சீங்களா?”

“நேரமேது? வெந்நீர்ல அலசிட்டேன். முப்பது வருஷமா மீன் வளக்கறேன் டார்லீன். எனக்கேவா?”

வெர்லினின் அக்கா ஆர்டிஸ், டார்லீன் காதருகே குனிந்தாள். “விடு. வினிகரையும் சேத்து ஊத்தாம விட்டாரே. ஊத்தியிருந்தா விஷவாயு வந்து, இன்னிக்கு ரெண்டு பெட்டி கேட்டிருக்கும்.”

பாதிரியார் தொண்டையைச் செருமினார். புருஷன் பிணத்தருகே சண்டை போட்டவள் என்ற பேச்சு, அந்த ஊரில் அடக்கத்துக்குப் பின் பரிமாறும் ஹாம் சாண்ட்விச் தட்டு காலியாவதற்குள் ஊர் சுற்றி வந்துவிடும். டார்லீன் உட்கார்ந்துகொண்டாள்.

லைல் இரங்கலுரையைப் பக்கம் பக்கமாக எழுதி வந்திருந்தார். “இந்த மாமனிதர் ரசாயனத்துக்கு ஒரு மீனைக்கூடப் பறிகொடுத்ததில்லை” என்று அவர் குரல் தழுதழுத்தபோது, மேயர் மேலே வந்து வாயைப் பிளந்தது. அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியபோது அது ஒருக்களித்தது.

டார்லீன் எழுந்தாள். ஆர்டிஸ் அவள் தோளை அணைத்து உட்காரவைத்தாள்.

“மீனு, ஆர்டிஸ்... மீனு...”

“தெரியும்மா. அவனுக்கு மீனுன்னா உசிரு.”

கடைசிப் பக்கத்துக்கு முன்னால் தண்ணீர் குடிக்கத் திரும்பிய லைல், அப்படியே நின்றார். தொட்டியில் வெளிறிய வயிறு மிதந்தது. காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“எல்லாரும் எழுந்து... ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்.”

கூட்டம் எழுந்து தலைகுனிந்து நின்றது. அந்த ஒரு நிமிடமும் ஓரக்கண்கள் எல்லாம் மீன்தொட்டியில்தான்; ஒருவர்கூடச் சவப்பெட்டியைப் பார்க்கவில்லை. டார்லீனும் பார்க்கவில்லை.