கையெழுத்துப் போட்ட பதினாலு அட்டைகள்

பக்கத்து அறையில் அக்காவுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, பெருவிரலைக் கிண்ணத்துத் தண்ணீரில் நனைத்து நனைத்து, தபால் அட்டைகளில் ஸ்டாம்ப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷமாகியும் தெருவுக்கு அவர் கண்டக்டர்தான். முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்த பெருவிரலில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. அதை வைத்துக் கொலை செய்தால் எந்தப் போலீசும் பிடிக்க முடியாது என்று அக்கா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

"மாமா, இப்ப இது அவசியமா?" என்றாள் அக்கா மகள். ராத்திரி ரயிலில் பாதி தூரம் நின்றுகொண்டே வந்தவள். கண் சிவந்திருந்தது. அழுததாலா, தூங்காததாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நாலரைக்குத் தபால் பெட்டியத் திறந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை தேர்தல். இன்னிக்குப் போடலேன்னா திங்கக்கிழமைதான் போய்ச் சேரும்."

"சேந்தா என்ன?"

"திங்கக்கிழமை சேந்து என்ன பண்ண? ஏரியில லாரிதான் வந்து நிக்கும்."

தெருவுக்குப் பின்னால் இருந்த ஏரியை மூடிக் கார் நிறுத்துமிடம் ஆக்கப்போகிறார்கள். கூடாது என்று வார்டுத் தேர்தலில் நிற்பவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். போன தடவையும் அதையே சொல்லி நின்று ஒன்பது ஓட்டில் தோற்றார். ஒன்பது! அந்த எண்ணிக்கை அக்காவைத் தூங்கவிடவில்லை. வாக்காளர் பட்டியலையும் ஸ்டாம்ப் அச்சிடாத வெள்ளை அட்டைகளையும் வாங்கி வந்து, இரண்டு தெருவில் ஒருவர் விடாமல் தபால் அட்டை எழுத ஆரம்பித்தாள். பத்து மாதம். எழுதி எழுதி வீட்டில் மையே தீர்ந்து, கடையில் தீர்ந்து, கடைசியில் மைக் கம்பெனிக்காரனே ஆள் அனுப்பி விசாரித்ததாகக் கண்டக்டர் பால்காரரிடம் சொல்லியிருந்தார்.

எல்லோருக்கும் ஒரே வாசகம் எழுதுவது அவளுக்குப் பிடிக்காது. ஆளுக்குத் தக்கபடி யோசித்து எழுத வேண்டும். ஆனால் பொழுது ஏற ஏறக் கை நடுங்கும். அதனால் காலையில் கை நிதானமாக இருக்கும்போதே அன்றைய அட்டைகள் அத்தனைக்கும் முகவரி எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிடுவாள். விஷயம் பிறகு.

"வெறும் காகிதத்துல கையெழுத்துப் போடுறது மந்திரிங்க மட்டுந்தான்னு நெனச்சேன்" என்பார் கண்டக்டர்.

"நீ ஸ்டாம்ப் ஒட்டுடா."

நேற்றுக் காலை எட்டு மணிக்குக் கடைசிப் பதினாலு அட்டைகளில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். யோசிக்கிறாள் என்று நினைத்து, டீயை ஓசைப்படாமல் வைத்துவிட்டுப் போனார் அவர். டீ ஆறி ஆடை கட்டிய பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பதினாலும் இப்போது அவர் முன்னால் இருந்தன.

"எழுதி வச்சிருந்தத அனுப்புங்க. சரி. வெறும் கார்ட என்ன பண்ணுவீங்க?" என்றாள் அக்கா மகள். "நீங்க எழுதினா அது அம்மா சொன்னதா ஆயிடுமா? இறந்தவங்க கையெழுத்து மாமா அது."

அவர் பெருவிரலை மறுபடி தண்ணீரில் நனைத்தார்.

எதிர்வீட்டம்மா உள்ளே வந்தார். அவர் காரின் பின்கண்ணாடியில் எதிர்க்கட்சிக்காரர் படம் ஒரு ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினார்.

"எதிர்ல இருக்கேன், எனக்கு மூணு கார்டு போட்டாங்க உங்க அக்கா. வாசல்ல பாத்தா அதப் பத்தி வாயே தெறக்க மாட்டாங்க."

"என்ன எழுதியிருந்தா?"

"கார் நிறுத்த எடம் வந்துடும், ஏரிக்கரை மரம் போனா காருக்கு நிழல் எங்கேருந்து வரும்னு." அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "அதுக்காக நான் ஓட்டு மாத்திப் போடுவேன்னு நெனச்சுக்காதீங்க."

அவர் போனதும் கண்டக்டர் பேனாவைத் திறந்தார். முதல் அட்டை, மூன்றாம் வீட்டு நர்சுக்கு. வெகு நேரம் முகவரியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்குத் தக்கபடி எழுத அவருக்கு என்ன தெரியும்? பிறகு எழுதினார்.

'நீங்கள் ஏழு பத்து வண்டிக்கு ஏரி நிறுத்தத்தில் நிற்பீர்கள். வண்டி எத்தனை தாமதமானாலும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை. அங்கே கார்கள் நின்றிருந்தால் திட்டியிருப்பீர்கள். குழாய்க்காரருக்குப் போடுங்கள். எழுதியது தம்பி. கையெழுத்து அக்காவுடையது.'

அக்கா மகள் அதை எடுத்துப் படித்தாள். கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை நனைத்து, ஸ்டாம்ப் ஒட்டினாள்.

கடைசி இருக்கைக்கு அடித்துக்கொள்ளும் தையல்காரர், சில்லறையே தராத வாத்தியார், தூங்கிப்போய் டிப்போ வரை வந்துவிடும் பேக்கரிக்காரர். எல்லோருக்கும் ஒரு நிறுத்தம் இருந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று, விரல்கள் மரத்தன. பதின்மூன்று ஆயிற்று.

பதினாலாவது அட்டையில் இந்த வீட்டின் எண்ணே இருந்தது. அதன் மேல் அவர் பெயர்.

"எனக்கு எப்பக்கா கார்டு?" என்று எத்தனையோ நாள் கேட்டிருக்கிறார்.

"உன் நம்பர் வரட்டும். பட்டியல்ல நம்ம வீடுதான் கடைசி."

"வீட்டுக்குள்ளயே இருக்கேன், வாயால சொல்லேன்."

"எல்லாருக்கும் தபால்ல, உனக்கு மட்டும் என்ன சலுகை? சரி, யாருக்குடா போடுவே?"

"ரகசிய வாக்கெடுப்பு."

சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் அவள் கேட்டாள். அவர் அதையே சொன்னார். அவர் வாக்குச்சாவடிப் பக்கம் போய் இருபத்திரண்டு வருஷமாகிறது. அது அவளுக்கும் தெரியும்.

வாசலில் அமரர் ஊர்தி ஹாரன் அடித்தது. மணி நாலு பத்து.

கண்டக்டர் பேனாவை மூடினார்.

"மாமா, இதுல ஒண்ணும் எழுதலையே."

"ஒட்டும்மா."

வண்டியின் பின்பகுதியில், அக்காவின் பக்கத்தில், மடியில் அட்டைக்கட்டோடு அவர் உட்கார்ந்தார். எதிரே அக்கா மகள். தெருமுனை வந்தது.

"டிரைவர் சார், அந்தப் பெட்டிகிட்ட ஓரம் கட்டுங்க."

"நடுவுல நிறுத்துற வழக்கமில்லீங்க ஐயா."

"முப்பத்திரண்டு வருஷம் நான் சொல்லி வண்டி நின்னிருக்கு. நிறுத்துங்க."

வண்டி நின்றது. அவர் இறங்கி, கைக்கு அடங்கிய அளவு அள்ளி அள்ளிப் பெட்டிக்குள் போட்டார். கடைசியாக ஒன்று நின்றது. ஸ்டாம்பின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. பெருவிரலால் அழுத்திப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதையும் போட்டார்.

ஏறிக் கதவைச் சாத்தினார். டிரைவர் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.