எட்டரை சென்டிமீட்டர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். நாங்குநேரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துத் தொழிற்சாலையில் கம்பி வெட்ட வந்தபோதே, "சுகப்பிரியா, வாயை அடக்கு" என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். அடக்கித்தான் வைத்திருந்தேன், அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

தண்ணீர் மீட்டரில் பொருத்தும் குட்டி ரேடியோ பெட்டிகள் எங்கள் லைனில் ஓடுகின்றன. ஆன்டெனாவுக்கான கம்பியை நான் வெட்டித் தருவேன், ரத்னா ஈயத்தை உருக்கி அதை ஒட்டிச் சால்டர் வைப்பாள். அன்று மதியத்துக்குள் அறுநூறு பெட்டிகளுக்கும் டெஸ்ட் பெஞ்சில் சிவப்பு விளக்கு. சிக்னல் போதவில்லையாம்.

சூப்பர்வைசர் முனிரத்தினம் நேராக ரத்னாவிடம் வந்தார்.

"இன்னாமா, தூங்கிகினே சால்டர் வெக்கிறியா? நாளைலேர்ந்து பேக்கிங்குக்குப் போ."

ரத்னா பக்கத்திலிருக்கும் சேரப்பணஞ்சேரிக்காரி. எட்டு வருஷமாகச் சால்டர் பிடித்த கை. பேக்கிங் போனால் சம்பளம் குறையாது, மானம்தான் போகும். அவள் கண் கலங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அலைவரிசை 866 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. போன வாரம் ஓடியதோ 433. எங்கள் லைனில் யாரும் கம்பியை அளப்பதில்லை. மரப்பலகையில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் கம்பியைக் கிடத்தி, விளிம்பில் வெட்ட வேண்டியதுதான். பெட்டி மாறிவிட்டது, பலகை மாறவில்லை. நானும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டியிருக்கிறேன்.

அட்டைப்பெட்டியின் மேலேயே கணக்குப் போட்டேன். முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் வரும். அதில் கால் பங்குதான் கம்பி. 433க்குப் பதினேழு சென்டிமீட்டர் சொச்சம், பலகையில் இருப்பது அதுதான். 866க்கு அதில் பாதி போதும்.

"அண்ணே, சால்டர்ல ஒரு குத்தமும் இல்ல. கம்பிதான் நீளம் ஜாஸ்தி. நாந்தான் தப்பா வெட்டியிருக்கேன்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அவளுக்கு நீ இன்னா வக்கீலா?"

"ஒரு பெட்டி குடுங்க. பாத்துட்டு ஏசுங்க."

நீளமாக இருந்தால் குறைக்கலாம், குறைந்துவிட்டால் ஒட்ட முடியாது. அதனால் முதலில் ஒன்பதில் வெட்டினேன். சிவப்பு. எட்டே முக்கால். அதுவும் சிவப்பு. லைன் மொத்தமும் என்னையே பார்த்தது. எட்டரையில் வெட்டினேன். பச்சை!

முனிரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, எல்லாத்தையும் வெட்டு. ரத்னா, எதுக்கும் நீயும் ஒரு தபா சால்டர் வெச்சுடு."

ரத்னா சால்டர் இரும்பின் ஸ்விட்சை அணைத்தாள். பிளக்கையும் பிடுங்கினாள்.

"ஒண்ணையும் தொட மாட்டேன்ணே. நான் வெச்சது அப்டியே போவட்டும். ஒரே ஒரு பொட்டிக்கு செவப்பு வுழுந்தாலும் நானே பேக்கிங் போறேன்."

நான் வெட்டி வெட்டிக் கொடுக்க, ஒவ்வொன்றையும் அவளே பெஞ்சில் வைத்தாள். ஷிப்ட் முடியும்போது அறுநூறும் பச்சை. இத்தனை வருஷப் படிப்பில் எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததே இல்லை.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தபடி ரத்னாவிடம் வந்தார். "நாளைக்கு சால்டர்ல நீதாம்மா."

"இன்னிக்கும் நாந்தாண்ணே" என்றாள் ரத்னா.