நானூற்றுப் பதின்மூன்று ஷிலான்கள்

2023 மார்ச் 9, வியாழக்கிழமை, தொலைவில் உள்ள ஒரு சிறையின் பெண்கள் பகுதியில் காலை ஆள்கணக்கு எடுத்தபோது, ஷிலான் என்ற பெயருக்கு நானூற்றுப் பதின்மூன்று பேர் பதில் சொன்னார்கள். அங்கே இருந்தவள் ஒரே ஒரு ஷிலான்தான். மற்ற நானூற்றுப் பன்னிரண்டு குரல்களும் யாழ்ப்பாணத் தமிழில் "ஓம்", ஆமாம், என்றன. அது எந்த நாடு என்று இங்கே எழுதவில்லை. ஷிலானின் தாய் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஷிலான் குர்தியப் பெண். சிறுமிகளுக்குத் தங்கள் மொழியில் எழுதக் கற்பித்தாள், தலையை மூடாமல் தெருவில் நடந்தாள். இரண்டுக்குமாகப் பதினொரு வருடம் தீர்ப்பானது. மார்ச் தொடக்கத்தில் அவளைத் தலைநகர்ச் சிறைக்கு மாற்ற உத்தரவு வந்தது. அங்கே கொண்டுபோன பெண்கள் எவரும் திரும்பியதில்லை. அவளுடைய அக்கா நஸ்ரின், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ லூயி-பிளாங்கில் ஒரு தையல்கடையில் ஏழு வருடமாகச் சேலைச் சட்டை வெட்டுகிறாள். "கை இறுக்குதோ அக்கா?" என்று கேட்கும் அளவுக்கு யாழ்ப்பாணத் தமிழ் பழகியவள். உத்தரவு வந்த கிழமை ஒரே துணியில் மூன்று இடது கை வெட்டிவிட்டாள். துணிக்குச் சொந்தக்காரியான நாகேஸ்வரி சண்டை பிடிக்க வந்து, காரணம் தெரிந்ததும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது பல நாடுகளிலிருந்து அந்தச் சிறைக்கு மனுக்கள் போய்க்கொண்டிருந்தன. நாகேஸ்வரியின் மகள் தர்மிளா ஒரு கந்தோரில் எழுத்து வேலை செய்பவள். அவள் பிரெஞ்சில் ஒரு மனு எழுதி, அடியில் பெயருக்கு ஒரு கோடும் கையொப்பத்துக்கு ஒரு கோடும் விட்டு, படி எடுத்துக் கொடுத்தாள். மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள் நிரப்பித் தொலைநகலில் அனுப்பினார்கள். அனுப்பிய பிறகுதான் தர்மிளா படிகளைப் பார்த்தாள். எல்லாரும் பெயர்க் கோட்டில் ஷிலான் என்று எழுதியிருந்தார்கள்.

"அம்மா, உங்கட பெயரையல்லோ போடச் சொன்னது!"

"அர்ச்சனைத் துண்டில ஆரின்ர பெயர் போடுறது? ஐயரின்ர பெயரோ?" என்றார் நாகேஸ்வரி. "நட்சத்திரம் கேக்காமல் விட்டதுதான் உன்ர பிழை."

மன்னார்க்காரி ஜெனிற்றாவும் மாதா கோயிலில் பிறருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கப்படியே எழுதியிருந்தாள்.

மறுநாளிலிருந்து, அங்கே ஆள்கணக்கு எடுக்கும் நேரமான பாரிஸ் நேரம் காலை ஏழு பத்துக்கு, ஆர்ஜொந்தெய் ரயிலிலும் லா கூர்னெவிலிருந்து வரும் ரயிலிலும் உணவகக் குசினிகளிலும் பெண்கள் தம்மையறியாமல் "ஓம்" என்றார்கள். ஜெனிற்றா ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்தபடியே சொன்னாள். ஒருத்தி நித்திரையில் சொன்னாள். அங்கே சிறை அதிகாரி பெயரை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்தார், காதோடு கூப்பிட்டும் பார்த்தார். பதில் குறையவில்லை. பதில் சொன்ன எல்லாரையும் பதிவேட்டில் ஏற்றவேண்டியதாயிற்று, ஆனால் கண்ணுக்குத் தெரிந்தவள் ஒருத்திதான். கணக்கு ஒத்துவராமல் கைதி எவரையும் வாசல் தாண்டி மாற்றக்கூடாது என்பது அந்தச் சிறையின் சட்டம். வந்த வண்டி வெறுமையாகத் திரும்பியது.

ஒரு மாதத்தில் தொண்டை கட்டத் தொடங்கியது. பயண முகவர் கடையில் நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசும் சிவாஜினிக்கு மத்தியானத்துக்குப் பிறகு குரலே இல்லை. சொந்தப் பெயரைப் போட்டுத் திருத்தக் கடிதம் ஒன்று அனுப்பினால் நின்றுவிடும், விரும்பியவர்கள் சொல்லுங்கள் என்றாள் தர்மிளா. நாகேஸ்வரியின் கணவர் தவரத்தினம் பேனையையே எடுத்து நீட்டினார்.

"முகம் தெரியாத பெட்டைக்கு நீ ஏனப்பா தொண்டையைக் கிழிக்கிறாய்?"

"என்ர தம்பியின்ர பெயரை அண்டைக்கு ஆமிக்காரர் கூப்பிட்டுக் கொண்டுபோனவங்கள். உலகத்தில ஒருத்தரும் அவனுக்காக ஓம் எண்டு சொல்லேல்லை" என்றார் நாகேஸ்வரி. "பேனையை வையுங்கோ. கொத்தமல்லி அவிச்சுத் தாங்கோ."

தவரத்தினம் அவித்தார். அடுத்த நாள் போத்தலில் ஊற்றிச் சிவாஜினியின் கடைக்கும் கொண்டுபோனார். திருத்தக் கடிதம் ஒருவரும் கேட்கவில்லை. நஸ்ரின் ஒவ்வொரு காலையும் ஏழு பத்துக்குக் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தெருவிலிருந்து வரும் குரல்களைக் கேட்டபின்தான் துணியைத் தொட்டாள்.

எண்பத்து நான்காம் நாள், மே 31, மாற்ற உத்தரவு காலாவதியானது. மேலிடத்திலிருந்து கணக்கைச் சரிசெய்யச் சொல்லித் திட்டு வந்தது. சிறை அதிகாரி ஒழுங்கான மனிதர். இத்தனை ஷிலான்களில் ஒருத்தியையாவது இரட்டைப் பதிவு என்று கழித்துவிட முடிவுசெய்தார். மற்றவர்களைக் கண்ணால் காண முடியாததால், கண்ணுக்குத் தெரிந்த ஒருத்தியைக் கழித்து வெளியே அனுப்பினார். ஷிலான் மலைவழியாக எல்லை கடந்து, அடுத்த வருடம் பாரிஸ் வந்து, அக்காவின் கடையில் காஜா எடுக்கிறாள்.

அவள் வந்த அன்று சொன்ன விஷயத்தை நஸ்ரின் தமிழில் எடுத்துச் சொன்னாள். பதிவேட்டில் மீதி நானூற்றுப் பன்னிரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். கணக்கு இன்னும் ஒத்துவராததால் அதற்குப் பிறகும் எவரையும் தலைநகருக்கு ஏற்றவில்லை. தலைக்கொன்றாக வரும் நானூற்றுப் பன்னிரண்டு பாண் ரொட்டியையும் மற்றப் பெண்கள் பகிர்ந்து சாப்பிடுகிறார்கள்.

"அப்ப நிப்பாட்டேலாது" என்றாள் சிவாஜினி, இருந்த குரலில்.

லா சப்பலில் ஏழு பத்துக்கு இன்றும் சொல்கிறார்கள். லண்டனுக்குக் குடிபோன இருவர் அங்கே ஆறு பத்துக்குச் சொல்கிறார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. சிலர் அதைக் கேட்டு மணிக்கூட்டைச் சரிசெய்கிறார்கள்.