கிளிக்கோலத்துப் பச்சை

அமிர்தவல்லி அக்கா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டிருந்த கிளிக்கோலத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா என் வீட்டுக்காரரின் கூடப் பிறந்தவள். சிங்கவரத்தில் காணும் பொங்கலன்று நடக்கும் கோலப்போட்டியில் வருஷா வருஷம் இரண்டாம் பரிசோடு மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வீடு திரும்புகிறவள். இந்தத் தடவை தெருவையே அடைத்து ஒரு ஜோடிக் கிளி. அந்தப் பச்சை எந்தக் கடைக் கோலப்பொடியிலும் கிடையாது. நான் வேலை செய்யும் இடத்தில்தான் உண்டு.

செஞ்சிக்கு வெளியே, டைல்ஸுக்குப் பளபளப்புப் பூச்சு தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு லேப் வேலை. பொங்கலென்று சூளையை அணைக்க முடியாது என்பதால் அன்றைக்கும் டியூட்டி. அந்தப் பச்சை மாவு நிக்கல் ஆக்சைடு. பேட்டரி செய்யவும் உதவும். எங்கள் சூளையில் வெந்தால் சாம்பல் நிறமாகவோ பழுப்பாகவோ மாறி, உருகிய பூச்சுக்குள் அடங்கிவிடும். உலர்ந்த தூளாக மூச்சில் போனால்தான் வினை. அன்றைக்கே ஒன்றும் தெரியாது. இருமல் வரலாம், தோல் அரிக்கலாம். உள்ளே தங்கித் தங்கி, பல வருஷம் கழித்து நுரையீரலில் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். முகமூடி இல்லாமல் நாங்கள் அந்த மூட்டையின் பக்கத்தில்கூடப் போக மாட்டோம்.

என் வீட்டுக்காரர் வளவனுக்குப் போன் போட்டேன். அவரும் எங்கள் கம்பெனியில்தான் வேன் டிரைவர்.

"ஏங்க, அக்காவுக்குப் பச்சை மாவு குடுத்தீங்களா?"

"கிழிஞ்ச மூட்டை, மோனிகா. எப்படியும் குப்பைக்குத்தான் போவப்போவுது. ஒரு வாளி எடுத்தாந்தேன். தண்ணியில போட்டுப் பாத்தேன், கரையவே இல்ல. கையில சாயமும் ஒட்டல. கலப்படம் இல்லாத கலரு. அவலூர்பேட்டை சந்தையில வாங்கினதுன்னு அக்காகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

தண்ணீரில் கரையவில்லையாம், அதனால் நல்லதாம். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது? எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெண்மதி அங்கதானே இருக்குது," என்றார். பொங்கலுக்கென்று எங்கள் மகளை அக்கா வீட்டில்தான் விட்டிருந்தோம்.

"அதான் கெளம்பிட்டேன்."

"நானும் வரேன். ஆனா கம்பெனி மாவுன்னு மட்டும் வாயத் தொறக்காத. வேலை போயிடும். உன்னுதும் சேந்து போவும். கமுக்கமா முடிச்சிடு."

ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகளின் கடலைச்செடிகளை அலைத்த காற்று முகத்தில் அடித்தது. இதே காற்றுதானே அந்தத் தெருவிலும் அடிக்கும் என்று இன்னும் வேகமாக முறுக்கினேன்.

தெருவில் பொம்பளைகள் குனிந்து டீ வடிகட்டியில் பச்சையை அள்ளித் தட்டித் தட்டிக் கிளிக்கு இறகு போட்டுக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டிச் சிந்துவதை வாயால் ஊதித் தள்ளுவார்கள். கை பட்டால் கோலம் கலைந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வது. அக்கா முகத்தைத் தரையோடு வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். அவள் மூக்கு நுனியெல்லாம் பச்சை.

முதலில் வெண்மதியை இழுத்துப்போய்க் கை கழுவிவிட்டு, தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார வைத்தேன். பிறகு அக்காவின் காதருகே போனேன்.

"அக்கா, நிறுத்துங்க. இது கோலப்பொடி இல்ல. மூச்சுல போவக்கூடாத தூள்."

"போடி, பரிசு குடுக்கப்போற நேரத்துல!"

மறுபடி குனிந்து ஊதினாள். பச்சை எழும்பிக் காற்றில் போனது. நனைந்தால்தான் அது அடங்கும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. தொட்டியிலிருந்து ஒரு குடம் மொண்டுவந்து கிளியின் மேல் ஊற்றினேன். இன்னொரு குடமும் ஊற்றினேன்.

நல்ல நாளில் ஒருத்தி போட்ட கோலத்தில் தண்ணீர் ஊற்றுவது கன்னத்தில் அறைவதற்குச் சமம். தெருவே கூடிவிட்டது. அக்கா தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்தாள். மகளிர் குழுத் தலைவி மீனம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா, இன்னா பொண்ணு நீ?"

"அது கம்பெனி மாவுங்க. எங்க வீட்டுக்காரருதான் எடுத்தாந்தாரு. அதோ வராரு, கேளுங்க."

வளவன் அப்போதுதான் வேனிலிருந்து இறங்கினார்.

"வளவா, நெசமா?" என்றாள் மீனம்பாள்.

என்னைப் பார்த்தார். அழுகிற அக்காவைப் பார்த்தார்.

"அவலூர்பேட்டை சந்தையில வாங்கினதுக்கா. கோலப்பொடிதான். இவ எதையோ நெனச்சிக்கினு பேசுறா."

எனக்கு அந்த இடத்திலேயே அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. "பொய்! அவரு சொல்றது பொய்!" என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த அக்கா, வாளியில் மீதியிருந்த மாவைக் காய்ந்த இடத்துக்குக் கொண்டுபோனாள்.

"மாவு இருக்குது. இன்னொரு கிளி போடுறேன். யாரு வந்து ஊத்துறான்னு பாக்கறேன்."

போய்த் தடுக்கலாமென்றால் மீனம்பாளும் இன்னொருத்தியும் என்னை விடவில்லை. அந்த நேரம் பார்த்து வெண்மதி தொட்டியடியிலிருந்து ஓடிவந்து, வாளியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளினாள்.

"நைனா, இங்க பாரு! நானும் அத்தை மாதிரி ஊதுறேன்!"

உள்ளங்கையை வாய்க்கு நேரே கொண்டுபோனாள். மீனம்பாளின் பிடியை உதறப் பார்த்தேன்.

"ஊதாத பாப்பா! வேணாம்! மூச்ச இழுக்காத!"

அலறியது வளவன். ஒரே தாவலில் போய்க் குழந்தையின் கையைத் தட்டிவிட்டு, சட்டையால் அவள் மூக்கையும் வாயையும் பொத்தித் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடினார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தபோதுதான், மொத்தத் தெருவும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

மீனம்பாளின் பிடி தளர்ந்தது. அக்கா கையிலிருந்த வடிகட்டியை மெல்லக் கீழே வைத்தாள்.

"நான் காத்தாலேந்து ஊதிக்கினு இருக்கறனேடா தம்பி," என்றாள்.